முதல் வருடத் தளபாடம்: தெருவோரக் கதிரையும் சூட்கேசில் வந்த சாறியும்

ரொறன்ரோவுக்கு வந்து வாடகை வீடு கிடைத்ததும், வெறும் ஹோலைப் பார்த்து மனம் சோர்ந்து தவணைக்குச் சோபா செட் எடுக்கப் போவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். சோபாவின் கைப்பிடி கிழிந்த பிறகும் மாதா மாதம் காசு போய்க்கொண்டிருந்தது.

இங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முதலாம் தேதிதான் தொடங்கும். அதனால் மாதக் கடைசியில் ஊரே வீடு மாறும். கொண்டுபோக முடியாத மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் கட்டிடங்களுக்குப் பின்னாலும் வீட்டு வாசல்களிலும் வந்து நிற்கும். எடுக்க வெட்கப்படாதீர்கள், வெள்ளைக்காரரும் கார் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போவார்கள். தெருவில் எடுக்க மனமில்லாவிட்டால் ஃபேஸ்புக் மார்க்கெட் பிளேஸ் இருக்கிறது. ஹபிடாட் ஃபோர் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் ரீஸ்டோர் கடைகளிலும் பழைய தளபாடம் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஆனால் வீட்டுக்குள் ஏற்றுவதற்கு முன் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊரின் அடுக்குமாடிகளில் அது பெரிய தொல்லை. ஃபோன் லைட்டைப் போட்டுத் தலைகீழாகப் புரட்டி, ஸ்குரூ ஓட்டை, மூட்டு, லாச்சி ஓடும் தடம், துணி மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் கீறிப் பாருங்கள். பேனை மை தெறித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகளோ, உரித்த தோலோ, ஆப்பிள் விதை அளவில் பழுப்பு நிறப் பூச்சியோ தெரிந்தால் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். "ஒரு கிழமை பால்கனியில் போட்டால் சரி" என்று யாராவது சொல்வார்கள். சரிவராது. அது இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். குளிரில் சாகவேண்டுமென்றால் மைனஸ் 18 பாகை விடாமல் நாலு நாளாவது வேண்டும், ரொறன்ரோக் குளிரை நம்பி அதைச் செய்ய முடியாது. கழற்றக்கூடிய துணி என்றால் டிரையரில் அதிக சூட்டில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

என் கணக்கு இதுதான்: மரம் என்றால் எடு, மெத்தையும் சோபாவும் என்றால் தொடாதே, இனாமாகத் தந்தாலும்.

சரி, கதிரை வந்துவிட்டது. மரம் நல்லாக இருக்கும், இருக்கைத் துணிதான் கறை பிடித்திருக்கும். புரட்டினால் இருக்கைப் பலகையை நாலு ஸ்குரூ பிடித்திருப்பது தெரியும். கழற்றினால் பலகை தனியாகக் கையில் வந்துவிடும். பழைய துணியைத் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்துவிடுங்கள், நாற்றம் அதோடு போய்விடும். புதுத் துணிக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெட்டியில் பிளவுஸ் வெட்டிய மிச்சமும், கரை மட்டும் நல்லாக இருக்கும் பழைய சாறியும் எப்படியும் இருக்கும். (அம்மாவின் சாறி என்றால் ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.)

பழைய பட்டு மடிப்புக் கோட்டில் பிசிறும், தனியாக இழுத்தால் கிழியும். அதனால் அடியில் ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டை வைத்து இரண்டையும் சேர்த்து இழுங்கள். பலகையைவிட நாலு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். ஒஃபீஸ் ஸ்டேப்லர் இதற்கு உதவாது, ஸ்டேப்பிள் கன் வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் கேட்டாலும் கிடைக்கும். ஒரு மூலையில் தொடங்கினால் கோணிப்போகும். முன்பக்க நடுவில் ஒன்று, பின்பக்க நடுவில் ஒன்று, பிறகு இடம், வலம். அப்புறம் நடுவிலிருந்து மூலையை நோக்கி. மூலையைக் கடைசியில் பரிசுப் பொதி கட்டுவதுபோல மடித்து அடியுங்கள். சாறிக் கரை இருக்கையின் முன்விளிம்பில் வரும்படி வைத்தால் கதிரையே வேறு. ஸ்குரூ ஓட்டைகளைத் துணியால் மூடிவிடாதீர்கள். நான் மூடி, முழுக்கக் கழற்றி இரண்டாம் தரம் செய்தேன்.

ஐக்கியா கடையின் 'லாக்' (Lack) என்ற சின்ன மேசை அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். அதன் மேற்பலகைக்கு உள்ளே தேன்கூடு மாதிரிக் காகிதம்தான், நடுவில் ஆணி பிடிக்காது. பெயின்ட் மட்டும் அடியுங்கள். 220 இலக்க மணல்தாளால் மெல்லத் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி, காய்ந்த பிறகு இரண்டு பூச்சு. அதன்மேல் மார்கழியில் வாசலில் போடத் தெரிந்த அதே புள்ளிக் கோலத்தை வெள்ளைப் பெயின்ட் பேனையால் போடலாம். பழைய மர அலுமாரியில் உரிந்த பெயின்ட் இருந்தால் தேய்க்க வேண்டாம். 1960க்கு முந்திய பெயின்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். குளிர்காலத்தில் ஸ்ப்ரே பெயின்டை வீட்டுக்குள் அடிக்காதீர்கள், தண்ணீரில் கரையும் பெயின்டே போதும். மிஞ்சியதைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் போடாமல் நகரசபையின் கழிவு டிப்போவுக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளைத் தொட்டில் விஷயத்தில் மட்டும் கைவேலை வேண்டாம். பக்கம் கீழிறங்கும் தொட்டிலைக் கனடா 2016இல் தடைசெய்துவிட்டது. எவ்வளவு வடிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். உயரமான லாச்சி அலுமாரியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். சுவரில் ஓட்டை விழும் என்று யோசிப்பீர்கள். ஒன்ராறியோவில் சேதத்துக்கென்று முற்பணம் வாங்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை, வெளிக்கிடும்போது ஓட்டையை அடைத்துவிட்டால் போதும்.

நாங்கள் மூன்று வருடத்துக்குப் பிறகு வீடு மாறியபோது சாறிக் கரை போட்ட நாலு கதிரையில் இரண்டைக் கீழே வைத்தோம். லிப்டில் ஏறி மிச்சப் பெட்டியோடு இறங்கி வருவதற்குள் இரண்டும் போய்விட்டன.