லினக்ஸ் போடலாமா? பென் டிரைவைச் செருகுவதற்கு முன்

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வந்துவிட்டால் கெடா மாநிலத்துப் பீடோங்கில் என் வீட்டு வாசலுக்கு மடிக்கணினிகள் வரத் தொடங்கிவிடும். அண்ணனோ அக்காவோ வேலைக்குப் போய் வாங்கி, பிறகு தம்பி தங்கைக்குக் கைமாறியவைதான் பெரும்பாலும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: “அண்ணே, இதில் லினக்ஸ் போட்டால் பறக்கும் என்கிறார்களே, உண்மையா?”

பறக்கலாம். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தில் விண்டோஸ் ஒரு வகை, லினக்ஸ் இன்னொரு வகை. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: என்ன படிக்கப் போகிறாய்? பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். படிப்பு கட்டாயமாகக் கேட்கும் மென்பொருள் எது என்று விசாரிக்காமலே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பொலிடெக்னிக்கில் எந்திரவியலோ கட்டடவியலோ எடுப்பவருக்கு வரைபட மென்பொருளான ஆட்டோகேட் தேவைப்படலாம், சாலிட்வொர்க்ஸும் கேட்கலாம். இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் ‘ஒயின்’ வழியாக ஓட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். ஒப்படைப்புக்கு முந்தைய இரவு அது காலை வாரும்போது அந்த நண்பர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். தேர்வின்போது வேறெதையும் திறக்கவிடாத ‘சேஃப் எக்ஸாம் பிரவுசர்’ உலாவியைப் பயன்படுத்தும் கல்லூரி என்றாலும் அதே கதைதான்; அது விண்டோஸிலும் ஆப்பிள் கருவிகளிலும்தான் ஓடும். கணினி அறிவியல், புள்ளியியல் பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். பைத்தான், ஆர், ஜாவா, சி போன்ற நிரல்மொழிகள் எல்லாம் லினக்ஸில் பிறந்த வீட்டில் இருப்பதுபோல இருக்கும். கணக்கீட்டு மென்பொருளான மேட்லேபுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. பத்தில் ஒன்பது மென்பொருள் ஓடுகிறதே என்று மகிழ வேண்டாம். ஓடாத அந்தப் பத்தாவதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கட்டுரை எழுதுவது மட்டும்தான் வேலை என்பவர்கள் வேர்டு, பவர்பாயிண்டுக்கு மாற்றான இலவச லிப்ரே ஆபிஸை நம்பி இறங்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு இல்லாத இடத்தில் லிபரேஷன் சீரிஃப் நிற்கும். இரண்டுக்கும் எழுத்தகலம் ஒன்றே என்பதால் வரிகள் பெரும்பாலும் கலையாது. கலைவது அட்டவணையும் பவர்பாயிண்ட் அசைவுகளும். விரிவுரையாளர் ஏற்பார் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள். வேர்டின் இணையப் பதிப்பு லினக்ஸிலும் திறக்கும். ஆனால் செம்பனைத் தோட்டத்துக்குள் அலைவரிசை ஒரு கோடாக இளைத்துவிடும் வீடுகளில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

தமிழ்த் தட்டச்சையும் சோதித்துப் பாருங்கள், இதை எவரும் நினைப்பதே இல்லை. விண்டோஸில் முரசு அஞ்சல் வைத்துப் பழகிய கைக்கு லினக்ஸில் அதே செயலி கிடைக்காது. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாகக் கிடைக்கும். கை பழக ஒரு வாரம் ஆகலாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் உள்ள கோப்புகளுக்கு ஆபத்தில்லை. தமிழாசிரியர் கொடுத்த பழைய எழுத்துருக் கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

“கணினி பழசு, அதனால் லினக்ஸ்” என்பதும் அரைகுறைக் கணக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இந்தப் பேச்சு கூடிவிட்டது. பழைய சுழல்வட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டாலே பாதி நோய் போய்விடும். 4 ஜிபி நினைவகத்தில் உலாவியின் இருபது தாவல்களைத் திறந்தால் எந்த இயங்குதளமும் மூச்சு வாங்கும்.

இனி என் குற்றம். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் ஒன்றும் மாறாது. வைஃபை, ஒலி, பிரிண்டர், கல்லூரி புரொஜெக்டர் எல்லாவற்றையும் அப்படியே சோதிக்கலாம். சற்று மெதுவாக ஓடும். அது பென் டிரைவின் வேகம், அதை வைத்து எடைபோடாதீர்கள். இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒருநாள் அவசரத்தில், காப்புநகல் எடுத்தார்களா என்று கேட்காமல், வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். மடிக்கணினியைக் கொண்டுவந்த பெண்ணின் அக்காவுடைய நிச்சயதார்த்தப் படங்கள் அத்தனையும் போயின. அவர்கள் வீட்டில் ஒருவரும் திட்டவில்லை, தேநீர் கொடுத்தார்கள். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

முடிவெடுக்க முடியவில்லையா? விண்டோஸை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே டபிள்யூ.எஸ்.எல். என்ற மைக்ரோசாஃப்ட் வசதி மூலம் லினக்ஸ் கட்டளைகளைப் பழகலாம். நிரல் எழுதக் கற்கும் முதலாண்டு மாணவருக்கு பெரும்பாலும் அதுவே போதும் என்பது என் எண்ணம். இரண்டையும் அருகருகே நிறுவித்தான் ஆகவேண்டும் என்றால், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். தொடக்க அமைப்புகளை மாற்றினால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண்ணைத் தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள். பூட்டிக்கொண்ட அதே மடிக்கணினிக்குள் அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.