தனுஷ்கோடிக்குக் கூட்டமாக சைக்கிளில் போகிறீர்களா?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு நாலைந்து பேர் சேர்ந்து கிளம்பினால், மெதுவாக மிதிக்கிறவரை முன்னால் விடுங்கள், வேகமாக ஓட்டுகிறவர் கடைசியில் வரட்டும், அப்போதுதான் யாரும் தனியாகப் பின்தங்காமல் எல்லாரும் பேசிக்கொண்டே போக முடியும். வழியில் நிழலே கிடையாது, விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். இருபக்கமும் கடல், காற்று பக்கவாட்டில் தள்ளும், அதனால் ஒட்டி ஓட்டாமல் இடைவெளி விடுங்கள், ரோட்டில் மணல் படிந்த இடத்தில் சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். 1964 புயலில் அழிந்த ரயில் நிலையத்தின் இடிபாடுகளை நின்று நிதானமாகப் பாருங்கள், அங்கே மட்டும் அவசரமே வேண்டாம். அப்புறம், திரும்பி வந்த அன்றைக்கே செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.