தெருப் பூனைகளைக் காப்பாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாவில் வைரவபுளியங்குளம், குருமன்காடு, பண்டாரிக்குளம் போன்ற இடங்களில் தெருப் பூனைகளுக்குச் சோறு வைத்து, மருந்து போட்டு, வீடு தேடிக் கொடுக்கும் இளையவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். பழைய ஆட்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை அவர்களும் விடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. பசுப்பால் வைக்கக் கூடாது, உப்புக் கருவாடு வைக்கக் கூடாது என்பவை பலருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

தாய் இல்லை என்று முடிவு கட்டுதல்

ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும், வாய்க்கால் கரையில் குட்டிகள் கத்துகின்றன, தாயைக் காணவில்லை என்று தகவல் வரும். பெரும்பாலும் தாய் இரை தேடிப் போயிருக்கும், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்குக் கவ்விச் செல்கின்ற வேலையின் நடுவில் இருக்கும். ஆட்கள் சூழ்ந்து நின்றால் அது கிட்ட வராது. குட்டிகள் நனையாமலும், எறும்பு மொய்க்காமலும், நாய்க்கு எட்டாமலும் இருந்தால், தூரத்தில் நின்று சில மணி நேரம் கவனிக்க வேண்டும். வெள்ளம் ஏறுகிறதென்றால் சில அடி தள்ளி மேடான, காய்ந்த மூலையில் வைத்தால் போதும். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. நான்கு வாரம் நிரம்பாத குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, பூனைக்குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால்மாவைக் கரைத்து ஊட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சினால் பின்புறத்தைத் தடவிச் சிறுநீரும் மலமும் போகச் செய்ய வேண்டும், ஏனெனில் அந்த வயதில் அவை தானாகப் போவதில்லை. இந்த வேலைக்கு ஆள் இல்லாத வீடு குட்டியைத் தூக்கி வரக் கூடாது.

குளிர்ந்த குட்டிக்கு ஊட்டுதல்

உடற்சூடு இறங்கிய குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை அருகில் வைத்து மெதுவாகச் சூடேற்றிய பிறகே, வயிறு கீழே இருக்கும்படி வைத்து ஊட்ட வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தி ஊட்டினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

பனடோல்

காய்ச்சலுக்கு நாம் போடும் இந்தப் பரசிட்டமோல் குளிசையில் ஒரு துண்டும் கொடுக்கக் கூடாது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொன்றுவிடும்.

நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து

அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். பூசவே வேண்டாம்.

புது வீட்டில் முதல் நாளே திறந்து விடுதல்

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இதுதான். ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் பிடித்து, மருந்து கொடுத்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, வீடு தேடி, பயணச் செலவும் போட்டு ஒரு மாதமாகச் செய்த வேலை அத்தனையும் பெட்டியின் மூடியைத் திறக்கிற அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிறது.

காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீட்டுக்கு வருகிற மாசி, பங்குனியில், எலிக்காகப் பூனை கேட்கும் கிராமத்து வீடுகள் அதிகம். அப்படித்தான் ஒரு வெதுப்பகத்தின் பின்புறம் வளர்ந்த வரிப்பூனை ஒன்றை, நன்றாகப் பழகிய பெட்டைப் பூனை, இரண்டு இளைஞர்கள் ஓமந்தைப் பக்கத்து வீடொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நல்ல குடும்பம், பூனைக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள். “பெட்டியைத் திறந்துவிடுங்கோ தம்பி, பிள்ளையள் பார்க்கட்டும்” என்று வீட்டுக்காரர் சொல்ல, திண்ணையில் வைத்தே திறந்துவிட்டார்கள். பூனை வெளியே வந்து, வயிறு நிலத்தோடு ஒட்ட, கழுத்தை நீட்டி இரண்டு எட்டு வைத்தது. பக்கத்து வளவில் நாய் குரைத்தது. அவ்வளவுதான், வேலியைத் தாண்டிப் பற்றைக்குள் போன பூனையை அதன் பிறகு ஒருவரும் காணவில்லை.

“புத்தியுள்ள பூனை, வழி கண்டுபிடித்து வந்துவிடும்” என்று அவர்களுக்குச் சிலர் ஆறுதல் சொன்னார்கள். பல மைல் நடந்து திரும்பி வந்த பூனையின் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. வராத பூனைகளைப் பற்றிக் கதை சொல்ல யாருமில்லை என்பதால் வந்தவையே நம் காதில் விழுகின்றன. ஓமந்தையிலிருந்து வவுனியாவுக்குத் திரும்ப நினைக்கிற பூனை இரவு முழுவதும் பாரவூர்திகளும் பேருந்துகளும் ஓடுகிற ஏ9 வீதியின் ஓரமாக வர வேண்டும். காட்டுப் பக்கம் போனால் நரியும் வெங்கிணாந்திப் பாம்பும் இருக்கின்றன.

பூனை ஆளோடு மட்டும் ஒட்டுவதில்லை, இடத்தோடும் ஒட்டுகிறது. தன் கன்னத்தையும் உடலையும் தேய்த்து அது விட்ட மணம் நிறைந்த இடமே அதற்கு வீடு. அந்த மணம் இல்லாத புது இடத்தில் எது சாப்பாடு, எது ஆபத்து, எந்த மூலையில் ஒளியலாம் என்று அதற்கு எதுவும் தெரியாது. தெரியாதபோது பூனை ஓடும். ஆகவே வளர்ந்த பூனையை இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஓர் அறைக்குள் வைத்திருக்க வேண்டும்.

அந்த அறையைப் பூனையைக் கொண்டுபோகும் நாளுக்கு முன்பே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் காற்றுக்காக விடப்பட்ட நீக்கல் இருக்கும். கதவையும் யன்னலையும் பூட்டிவிட்டு, இந்த நீக்கலை மறந்துவிடுகிறார்கள். நெல் மூட்டை அடுக்கின் மேல் ஏறி அதன் வழியாகப் பூனை போய்விடும். கம்பி வலையால் அடைக்க வேண்டும்; நைலோன் வலை போட்டால் கால் சிக்கிக்கொள்ளும். கூரை தகரமாக இருந்தால் பங்குனி, சித்திரை மதியங்களில் அந்த அறை கொதிக்கும். ஓட்டுக் கூரையின் கீழுள்ள அறையைக் கேட்டு வாங்க வேண்டும். அறைக்குள் மணல் போட்ட பேசின் ஒன்று, தண்ணீர், பக்கவாட்டில் சரித்து வைத்த மட்டைப் பெட்டி ஒன்று, அதற்குள் பூனை முன்பு படுத்திருந்த சாக்கோ துணியோ, கழுவாமல், இருக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே நேரத்தில், கோப்பையைத் தட்டி ஒரே விதமாகக் கூப்பிட்டுச் சாப்பாடு வைக்க வேண்டும். முதல் நாள் சாப்பிடாமல் பெட்டிக்குள்ளேயே கிடப்பது வழமை; இரண்டாம் நாளும் தொடாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேட்க வேண்டும், ஏனெனில் பட்டினி நீண்டால் பூனையின் ஈரலில் கொழுப்புப் படிந்துவிடும்.

கோப்பைச் சத்தத்துக்கு வாலை நிமிர்த்திக்கொண்டு கதவடிக்கு வரத் தொடங்கினால், மாலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன், பசியோடு இருக்கும்போது, நாயைக் கட்டிவைத்துவிட்டு, கதவைத் திறந்துவிடலாம். கோயில் திருவிழாவும் வெடியும் உள்ள நாளில் திறக்கக் கூடாது. இத்தனை சொல்லியும் ஓடிவிட்டால், ஊரெல்லாம் தேடி அலைய வேண்டாம்; முதல் சில நாட்கள் அது பெரும்பாலும் அந்த வளவிலோ பக்கத்து வளவிலோ, விறகுக் குவியலுக்கும் தகரத்துக்கும் கீழே சத்தம் காட்டாமல் பதுங்கியிருக்கும். ஊர் அடங்கிய பிறகு டோர்ச் வெளிச்சத்தில் கண் மின்னுகிறதா என்று நிலமட்டத்தில் பார்க்க வேண்டும்.

பூனைத் தொல்லை தாங்காமல் உரப்பையில் கட்டி, மீன் சந்தைப் பக்கமோ குளக்கட்டிலோ விட்டுவருகிறவர்களும் செய்வது இதே தவறுதான், அறையும் சாப்பாடும்கூட இல்லாமல். சந்தையில் ஏற்கெனவே இருக்கிற பூனைகள் புதியதைச் சேர்க்காது, கடித்துத் துரத்தும். நம் ஒழுங்கையில் வெறுமையான இடத்துக்கோ கொஞ்ச நாளில் வேறு பூனை வந்துவிடும்.

வந்த குட்டியைப் பழைய குட்டிகளோடு கலத்தல்

பன்லியூக்கோபீனியா என்ற குடல் நோய் நுழைந்தால் ஒரே கூட்டிலிருந்த குட்டிகள் சில நாட்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். அதன் வைரசு தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை கூட உயிர்ப்போடு இருக்கும். சாதாரண சவர்க்காரத்துக்கும் டெட்டோலுக்கும் சாகாது, குளோரின் கலந்த வெளிற்றும் திரவமே வேண்டும். புதிதாக வந்த குட்டி எவ்வளவு துடிப்பாகத் தெரிந்தாலும் இரண்டு வாரம் வேறு அறையில், வேறு கோப்பையோடு இருக்கட்டும்.

சோறு மட்டும் வைத்தல்

சோறு வைத்துவிட்டுக் கருத்தடை செய்யாமல் விட்டால் பூனைகள் பெருகும். பெட்டைப் பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப்படும், ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டி போடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். பிடிக்கச் சுலபம் என்று கடுவன்களுக்கு முதலில் கருத்தடை செய்து பணத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு கடுவன் மிஞ்சினாலும் அத்தனை பெட்டைகளும் குட்டி போடும். இருக்கிற காசைப் பெட்டைகளுக்கு முதலில் செலவழிக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு துண்டை அடையாளமாக வெட்டிவிடும்படி வைத்தியரிடம் கேட்டால், அதே பூனையை இன்னொருவர் மறுபடி பிடித்து வயிற்றைக் கீறவைக்கும் கொடுமை நடக்காது.

கடியைப் பொருட்படுத்தாமல் விடுதல்

தெருப் பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நீர்வெறுப்பு நோய் நாயால் மட்டும் வருவதில்லை. அறிகுறி தொடங்கிய பின் அதற்கு மருந்து இல்லை.