மைக்கின் முதுகை எந்தப் பக்கம் திருப்புவது?

நீளக் குழாய் மாதிரி இருக்கும் ஷாட்கன் மைக், கேமரா ஜூம் மாதிரி தூரத்துக் குரலை இழுத்துக்கொண்டு வரும் என்று நம்பித்தான் நிறைய பேர் காசைக் கொட்டுகிறார்கள். அது எதையும் இழுக்காது, வேண்டாத பக்கத்துச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதனால் ரெக்கார்டிங்குக்கு முன்னால் எந்தச் சத்தம் வேண்டாம், அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மேடைப் பாடகர்கள் பிடிக்கும் கார்டியாய்டு மைக் முன்பக்கச் சத்தத்தைத்தான் அதிகம் கேட்கும்; அதில், சத்தம் பட்டு அசையும் மெல்லிய சவ்வுக்குப் பின்பக்கமும் சத்தம் நுழைய ஒரு வழி இருக்கும், அந்த வழியில் சத்தம் கொஞ்சம் தாமதமாகும்படி செய்திருப்பார்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் சவ்வின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தள்ளும், சவ்வு அசையாது. ஷூர் கம்பெனியின் யூனிடைன் 55 இந்த வேலையை ஒரே சவ்வை வைத்து 1939-லேயே செய்துவிட்டது. சிலர் ஸ்டைலுக்காக வலைத் தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடுவார்கள், பின்வழி அடைபட்டு மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், ஸ்பீக்கர் கூவும், திட்டு வாங்குவது பாவம் சவுண்டு ஆபரேட்டர்.

கார்டியாய்டுக்கு நேர் பின்னால்தான் காது செவிடு. பக்கவாட்டில் 6 டெசிபல்தான் குறையும். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், செவிட்டு இடம் முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில். பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

ஷாட்கனில் குழாயின் பக்கவாட்டுக் கீறல்கள் வழியாக நுழையும் சத்தம் சவ்வுக்கு முன்பின்னாக வந்து சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர், குழாயோ ஒரு சாண், எனவே ஜெனரேட்டர் உறுமல் தாராளமாக உள்ளே வரும், அதற்கு, கனத்த அடிச்சத்தத்தை வெட்டும் லோ கட் போடுங்கள். சின்ன அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் குரலும் பக்கவாட்டில் நுழைந்து தகர டப்பாவுக்குள் பேசுவது போலாகும், அங்கே சாதா கார்டியாய்டே தேவலை.

வீட்டில் பேட்டி எடுக்கிறீர்களா? மைக்கைத் தலைக்கு மேலிருந்து நெஞ்சைப் பார்த்துச் சாய்த்துத் தொங்கவிட்டால் அதன் முதுகு சீலிங் ஃபேனைப் பார்க்கும். ஃபேன் காற்று அடிக்கும், ஸ்பாஞ்சு உறையை மாட்டிவிடுங்கள். மூன்று அடியிலிருந்து ஒன்றரை அடிக்குக் கிட்டே கொண்டுவந்தால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், ஃபேன் சத்தம் அப்படியேதான் இருக்கும். ரொம்ப ஒட்டினால் குரல் கனத்து முழங்கும். அப்புறம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, யாரையும் பேசவிடாமல், ஃபேன் சத்தம் எங்கே அடங்குகிறதோ அதுவரை மைக்கை மெதுவாகத் திருப்பி அங்கேயே ஸ்டாண்டை இறுக்குங்கள்.