வற்றிய குளத்துக்கு ஒரு படம்: என் அனுபவம்

இரணைமடுக் குளம் வற்றுவது பற்றிய கட்டுரைக்குக் கிளிநொச்சிச் சஞ்சிகை ஒன்று படம் கேட்டது. முதல் வரைவில் குளக்கட்டு, பாலைமரம், வள்ளம், மாடுகள், வெடித்த சேறு எல்லாம் இருந்தன. எதிலும் கண் நிற்கவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தேன். வள்ளம் மட்டும் மிஞ்சியது. அதை வலது கீழ் மூலைக்குத் தள்ளி, முனையை உள்நோக்கித் திருப்பினேன். மேலே விட்ட வெறுமையே குளமாகிவிட்டது. தண்ணீர் இல்லாததைக் காட்ட வேறென்ன வேண்டும்?

அடுத்தது நிறம். பின்னணி முழுக்க வெளிறிய செம்மஞ்சள், வள்ளத்தின் விளிம்பில் மட்டும் ஒரு கீற்று நீலம். எதிர் நிறங்கள் அருகருகே வந்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். பிரான்சின் கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வேதியியலாளர் செவ்ரூல் இதை 1839இலேயே நூலாக எழுதிவிட்டார். வள்ளத்தின் அந்த நீலக் கீற்றைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசைதான். மலிவான தாளில் மை பரவி நிறம் கருமையாகும் என்பதால், எல்லாவற்றையும் ஒரு படி வெளிற வைத்தேன்.

முத்திரையளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கியும் பார்த்தேன். வள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஆசிரியருக்கோ வெறுமையில் தலைப்பைப் போட விருப்பம்.

“அண்ணை, அதுதான் குளம். தலைப்பை வெளியில போடுவம்” என்றேன். போட்டார்.