ஃபெண்டர் ஹெட்ஸ்டாக் லோகோவை வைத்து வருடம் கணிப்பது எப்படி

பழைய ஃபெண்டர் கிடார் கைக்கு வந்ததும் கண் முதலில் போவது ஹெட்ஸ்டாக்கில் (கம்பிகளை முறுக்கும் தலைப் பகுதி) உள்ள பெயருக்குத்தான். போகட்டும். ஆனால் கிடாரிலேயே மிகச் சுலபமாக மாற்றக்கூடிய பாகமும் அதுதான். தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய டீக்கல், அவ்வளவே. அதனால் லோகோவைப் பார்த்து ஒரு வருடத்தைச் சொல்லிவிடக் கூடாது. அது காட்டும் கால எல்லையைக் குறித்துக்கொண்டு, மற்ற பாகங்கள் அந்த எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், புற ஊதா டார்ச், நெக் (கிடாரின் கழுத்து) திருகுகளுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர்.

முதலில் எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். கீழே வரும் வருடங்கள் ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மாடலுக்கானவை. மற்ற மாடல்கள் அவற்றுக்கு உரிய நேரத்தில் மாறின. டெலிகாஸ்டருக்குப் புது லோகோ ஸ்ட்ராட்டுக்குப் பிறகுதான் வந்தது.

1954இல் ஸ்ட்ராட் வந்ததிலிருந்து 1964ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இருந்தது ‘ஸ்பெகட்டி’ லோகோ. நூடுல்ஸை வளைத்து வைத்தது போன்ற மெல்லிய கோடுகள், சுற்றிலும் அதைவிட மெல்லிய கறுப்பு ஓரம். அடுத்து வந்தது ‘டிரான்சிஷன்’ லோகோ: தடித்த தங்க நிற எழுத்து, அழுத்தமான கறுப்பு ஓரம். ஃபெண்டரின் விளம்பரங்களை வடிவமைத்த ராபர்ட் பெரைன் வரைந்தது இது. 1968இல் நிறங்கள் தலைகீழாயின: கறுப்பு எழுத்து, தங்க ஓரம். இதைத்தான் ‘சிபிஎஸ் லோகோ’ என்கிறார்கள். இங்கே பெயர்கள் குழப்பும். சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது 1965 ஜனவரியில். டிரான்சிஷன் லோகோ அதற்கு முன்பே ஸ்ட்ராட்டில் ஏறிவிட்டது; சிபிஎஸ் பெயரைத் தாங்கும் லோகோவோ விற்பனை முடிந்து மூன்று ஆண்டு கழித்து வந்தது. ஆகவே லோகோவை மட்டும் பார்த்து ‘இது சிபிஎஸ்ஸுக்கு முந்தையது’ என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள்.

அடுத்து ஹெட்ஸ்டாக்கின் அளவு. 1965 இறுதியில் ஸ்ட்ராட்டின் ஹெட்ஸ்டாக் பெரிதானது. இதையும் லோகோவையும் சேர்த்துப் பார்த்தால் எல்லை நன்றாகக் குறுகும். சிறிய தலையில் ஸ்பெகட்டி இருந்தால் 1964 நடுப்பகுதிக்கு முன். சிறிய தலையில் டிரான்சிஷன் இருந்தால் 1964 நடுவிலிருந்து 1965 இறுதிக்குள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. பெரிய தலையில் டிரான்சிஷன் என்றால் 1968 வரை. பெரிய தலை, கறுப்பு எழுத்து என்றால் அதற்கும் பிறகு. 1976இல் வரிசை எண் பின்புறத் தகட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு ஏறியது. ‘76’ அல்லது ‘எஸ்6’ என்று தொடங்கினால் எழுபத்தாறு, ‘எஸ்7’ என்றால் எழுபத்தேழு என்பது பொதுக் கணக்கு. ‘எஸ்9’ மட்டும் 1979ஐத் தாண்டியும் ஒட்டப்பட்டிருக்கிறது. அச்சடித்து வைத்த டீக்கல் தீரும்வரை ஒட்டுவது தொழிற்சாலை வழக்கம்.

இனி லென்ஸை எடுத்துப் பொடி எழுத்துகளுக்கு வாருங்கள். பெரிய லோகோவைச் சரியாக ஒட்டியவர்கள்கூடத் தவறுவது இங்கேதான். ஸ்ட்ராட் டீக்கலில் காப்புரிமை எண்கள் தோன்றியது 1961இல். அவற்றில் 2,741,146 என்பது நிறுவனர் லியோ ஃபெண்டரின் டிரெமலோவுக்கு (சுருதியை அசைக்கும் நெம்புகோல் அமைப்பு) 1956இல் கிடைத்த காப்புரிமை. காப்புரிமை 1956 என்பதால் அந்த எண் உள்ள நெக்கும் 1950களைச் சேர்ந்தது என்று நினைப்பது சகஜம். அப்படியல்ல. எண் இருக்கும் நெக்கை 1957 என்று யாராவது விற்றால், ஒன்று நெக் மாறியிருக்கிறது, அல்லது டீக்கல் மாறியிருக்கிறது. மாடல் பெயருக்கு அருகே ‘வித் சிங்க்ரனைஸ்டு டிரெமலோ’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரெமலோ இல்லாத உடலில் அந்த வரியுள்ள நெக் மாட்டியிருந்தால், இரண்டும் ஒரே கிடாராகப் பிறந்தவையா என்று கேட்க வேண்டியிருக்கும்.

மாடல் பெயரே இல்லாமல் ‘ஃபெண்டர்’ மட்டும் இருக்கும் டெலிகாஸ்டர் வகைக் கிடார் தனிக் கதை. 1950இல் ‘பிராட்காஸ்டர்’ என்ற பெயரில் அது வந்தது. கிரெட்ச் நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் டிரம் விற்றுவந்ததால் ஆட்சேபித்தது. 1951இல் ‘டெலிகாஸ்டர்’ என்ற பெயர் வரும்வரை, கையிருப்பில் இருந்த டீக்கலில் மாடல் பெயரைக் கத்தரித்துவிட்டு ஒட்டினார்கள். பின்னாளில் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் ‘நோகாஸ்டர்’. கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்பதால், இந்த ஒரு மாடலில் லோகோவைச் சான்றாகவே எடுக்காமல் இருப்பது நல்லது.

டீக்கல் அசலா என்று பார்க்க டார்ச்சை ஹெட்ஸ்டாக்குக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் டீக்கலை லாக்கருக்கு (மரத்தின் மேல் பூசும் பளபளப்புப் பூச்சு) மேலேயே ஒட்டினார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் படலத்தின் விளிம்பு மெல்லிய கோடாக எழும்பித் தெரியும். அந்தக் கால நெக்கில் விளிம்பே தெரியாமல் மேலே கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால், பிறகு யாரோ ஒட்டி மேலே லாக்கர் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். விளிம்பை நகத்தால் நெருடிப் பார்க்காதீர்கள்; அறுபது ஆண்டு காய்ந்த படலம் செதிலாக உதிரும்.

பிறகு லென்ஸில் தங்க நிறத்தைப் பாருங்கள். அசல் மை உலோகத் துகள் கலந்தது. கிடாரைத் திருப்பினால் மினுங்கும், நிறம் ஒரே பரப்பாக இருக்கும். இங்க்ஜெட்டில் அடித்த போலியில் மஞ்சள், சிவப்பு, கறுப்புப் புள்ளிகள் தூவியது போலத் தெரியும். கறுப்பு ஓரமும் பிசிறடிக்கும். கடைசியாக அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச் அடியுங்கள். பழைய நைட்ரோ லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். நெக்கின் பின்புறம் ஒளிர்ந்து, லோகோவைச் சுற்றி மட்டும் இருண்டிருந்தால், அங்கே வேலை நடந்திருக்கிறது.

அதே நெக்கில் இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு. ரோஸ்வுட் ஃபிரெட்போர்டில் (விரல் வைக்கும் பலகை) உள்ள புள்ளிகள் 1964இன் கடைசிவரை களிமண் நிறத்தில் மங்கலாக இருந்தன. அதற்குப் பிறகு முத்துப்போல் மின்னும் பிளாஸ்டிக். களிமண் புள்ளியோடு டிரான்சிஷன் லோகோ இருக்கலாம், 1964இன் பின்பாதிக்குப் பொருந்தும். முத்துப் புள்ளியோடு ஸ்பெகட்டி என்றால் உஷாராகுங்கள். கம்பியை முறுக்கும் க்ளூசன் நிறுவன ட்யூனரின் பின்மூடியில் பெயர் ஒரே வரியில் இருப்பது 1964 வரை. இரு வரியில் இருப்பது அதற்குப் பின். ட்யூனரைக் கழற்றி மாற்றுவது எளிது என்பதால் அதற்குப் பாதி மதிப்பெண் போதும்.

நெக்கைக் கழற்ற முதலில் கம்பிகளை முழுக்கத் தளர்த்துங்கள். நான்கு திருகுகளையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றித் திருப்புங்கள். பழைய லாக்கர் நெக்கையும் உடலையும் ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் அசைத்தால் விளிம்பில் பெயிண்ட் உடையும், நேராக மேல்நோக்கித் தூக்க வேண்டும். அடிப்பாகத்தில் 1962இன் தொடக்கம் வரை மாதமும் ஆண்டும் பென்சிலில் இருக்கும், பிறகு ரப்பர் முத்திரை. முத்திரையில் முதலில் வரும் எண்ணைத் தேதி என்று படிப்பவர்கள் அதிகம். அது மாடல் குறியீடு. கடைசியில் வரும் ‘பி’ நட்டின் (ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே கம்பிகள் தாங்கி நிற்கும் பள்ளமிட்ட துண்டு) அகலம், 1 5/8 அங்குலம்.

அந்த மாதம் நெக் செதுக்கப்பட்டது எப்போது என்று மட்டுமே சொல்லும். டீக்கல் ஏறுவது பெயிண்ட் முடிந்த பிறகு. ஆகவே 1964 ஏப்ரல் முத்திரையோடு டிரான்சிஷன் லோகோ இருந்தால் முரண் இல்லை. 1965 இறுதி முத்திரையோடு ஸ்பெகட்டி இருந்தால் முரண். லோகோ முத்திரையைவிடச் சற்றுப் புதிதாக இருக்கலாம், பழையதாக இருக்கக் கூடாது.

ஸ்பெகட்டி லோகோ இருந்தும் மற்றதெல்லாம் புதிதாகத் தெரிந்தால், போலி என்று அவசரப்பட வேண்டாம். 1957, 1962 மாடல்களின் மறுபதிப்புகளை ஃபெண்டரே 1982 முதல் பழைய லோகோவுடன் வெளியிட்டது. அமெரிக்காவில் செய்த அவற்றின் தகட்டில் எண் ‘வி’ என்று தொடங்கும். ஜப்பானில் செய்த ஆரம்ப ஆண்டு கிடார்களின் எண்ணில் ‘ஜேவி’ இருக்கும். சிலவற்றில் பெரிய ஃபெண்டர் லோகோவும் ஹெட்ஸ்டாக்கின் நுனியில் பொடியாக ‘ஸ்குவையர் சீரிஸ்’ (ஃபெண்டரின் மலிவு வரிசை) என்றும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்பவர்கள் உண்டு. நுனியில் சாய்ந்த வெளிச்சம் அடித்தால் சுரண்டிய தடம் தெரியும்.

எல்லாம் பார்த்த பிறகு ஹெட்ஸ்டாக்கைப் பளபளப்பாக்கும் ஆசை வரும். பாலிஷ், ஆல்கஹால் எதுவும் டீக்கலில் படக் கூடாது. உலர்ந்த மென்துணியால் லோகோவைத் தவிர்த்துச் சுற்றிலும் துடைத்தால் போதும். பாதி உதிர்ந்த அசல் டீக்கலை அப்படியே விடுங்கள். அதன் மேல் புதிதாக ஒட்டினால் இருந்த சான்றும் போய்விடும்.