நேர்காணலுக்கு வெறும் இம்ப்ரெஷன் கணக்கோடு வராதீர்கள்

பட்டம் முடித்த கையோடு சமூக ஊடக வேலைக்கு வருபவர்களை நேர்காணல் செய்யும்போதெல்லாம், பழைய நானே எதிரில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். அதே தவறுகள்; அவற்றில் சிலவற்றைக் கீழே சொல்கிறேன். எழுத்துப்பிழை, மங்கலான படம் எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

இம்ப்ரெஷனை ஆள் கணக்காகச் சொல்வது

ஒரே ஆள் ஒரு பதிவை 3 முறை பார்த்தால் இம்ப்ரெஷன் (பார்த்த தடவை) 3, ரீச் (பார்த்த ஆட்கள்) 1. ரெஸ்யூமேயில் எழுதுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

லிங்க்கை அப்படியே ஒட்டுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். முதல் வேலையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்கச் சொன்னார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், மின்னஞ்சல் என்று நான்கிலும் ஒரே லிங்க்கை ஒட்டினேன். இரண்டு மாத விளம்பரக் காசு போனது. கூட்டத்தில் மேலாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஃபார்ம் நிரப்பினவங்க எதைப் பார்த்துட்டு வந்தாங்க?" இணையதளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தால் பாதிக்கு மேல் 'டைரக்ட்' (எங்கிருந்து வந்தார் என்று தெரியாதது) என்ற ஒரே வரியில் குவிந்து கிடந்தது. செயலிக்குள்ளிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ குறி இல்லாமல் வரும் கிளிக் பல நேரம் அங்கேதான் போய் விழும். எதற்குக் காசைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. லிங்க்கின் வாலில் யுடிஎம் குறிகளைச் சேர்க்க வேண்டும்: எந்தத் தளம் (சோர்ஸ்), எந்த வகை (மீடியம்), எந்தப் பிரசாரம் (கேம்பெய்ன்). இதற்குக் கூகுளின் இலவசக் கருவியே இருக்கிறது. பதிவு போடுமுன் சேருங்கள். பிறகு சேர்த்தால் முன்னால் வந்துபோனவர்களின் கணக்கு திருந்தாது.

என்னிடம் இதைக் கற்றுக்கொண்ட ஒருவர் அடுத்த வாரமே ஒரு லிங்க்கில் ஃபேஸ்புக்கை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினார், இன்னொன்றில் சிறிய எழுத்தில். அனலிட்டிக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு தளங்கள். அறிக்கையில் ஃபேஸ்புக் இரண்டாகப் பிளந்து நின்றது. எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்து, ஒரு ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி விழாவுக்குச் செய்த பிரசாரமாக இருந்தாலும் போதும், அந்த ஷீட்டோடு வாருங்கள். "இந்தப் பதிவால் இத்தனை பேர் பதிந்தார்கள், அதனால் அடுத்த வாரம் இதை மாற்றினேன்" என்று சொல்பவரிடம் நான் வேறு கேள்வி அதிகம் கேட்பதில்லை.

ஒரே வாசகம் எல்லா இடத்திலும்

இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்து வரை இடமுண்டு. எக்ஸில் சாதாரணக் கணக்குக்கு 280தான். 'கொ' நமக்கு ஓரெழுத்து, அங்கே இரண்டு. தமிழில் எழுதுபவர்கள் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

சொந்தக் கணக்கும் நிறுவனக் கணக்கும் ஒரே செயலியில்

வேண்டாம்.

திட்டும் கமென்ட்டை அழிப்பது

ஆபாசமோ மிரட்டலோ என்றால் அழிக்கலாம். பொருள் வந்து சேரவில்லை என்று கத்துபவருக்குப் பதில் எழுதுங்கள், அப்புறம் இன்பாக்ஸுக்கு அழைத்துப் பேசுங்கள். நீங்கள் அழிப்பதற்குள் அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்.